தெருக்காரர்களைச் சேர்த்து ஒரு வேலை செய்வது எப்படி: முதல் கதவைத் தட்டுவதிலிருந்து அடுத்தவரிடம் ஒப்படைப்பது வரை

நான் முதன்முதலாகக் கூட்டிய தெருக் கூட்டத்துக்கு 40 நாற்காலி போட்டேன். வந்தவர்கள் ஆறு பேர். அந்த ஆறிலும் ஒருவர் நாற்காலிகளைத் திரும்ப எடுத்துப்போக வந்தவர். “நம் குடியிருப்பின் வளர்ச்சி குறித்து ஆலோசனைக் கூட்டம், அனைவரும் வருக” என்று அழகாக அச்சடித்து ஒவ்வொரு கதவிலும் செருகியிருந்தேன். படித்த யாருக்கும் தன்னை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று புரிந்திருக்காது. உண்மையைச் சொன்னால் எனக்கே புரிந்திருக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, வந்தவர்களில் இருவரும் நானும் தெருமுனை வடிகால் வாயை அடைத்திருந்த குப்பையை அள்ளலாம் என்று முடிவெடுத்தோம். இந்த முறை நோட்டீஸ் இல்லை. ஆளுக்கு நான்கைந்து கதவைத் தட்டி, “ஞாயிறு காலை 7 மணிக்கு ஒரு மணி நேரம் வர முடியுமா? மண்வெட்டி இருந்தால் எடுத்துட்டு வாங்க” என்று கேட்டோம். 11 பேர் வந்தார்கள். அன்று பிடித்த சூடு இன்னும் ஆறவில்லை.

வேலை சின்னதாக இருக்க வேண்டும், ஆளைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், எப்போது முடியும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் கற்றது இவ்வளவுதான். தனி வீடுகள் உள்ள தெருவானாலும் அடுக்குமாடியானாலும் இது மாறுவதில்லை. செய்ய வேண்டியவற்றை அந்தந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் செய்யாதீர்கள்

நடந்து பாருங்கள். விடிகாலை ஒருமுறை, மாலை ஒருமுறை, இருட்டிய பிறகு ஒருமுறை. எங்கே குப்பை சேர்கிறது, எந்த விளக்கு எரியவில்லை என்பதெல்லாம் தானாகக் கண்ணில் படும். அதைவிட முக்கியமாக, ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். லிஃப்ட் வாசலா, படிக்கட்டின் அடியா, மரநிழலா? பின்னால் நீங்கள் எதைச் செய்தாலும் அந்த இடத்தில்தான் செய்யப்போகிறீர்கள்.

இது வெறும் அனுபவப் பேச்சு இல்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகக் குடியிருப்பில் குடும்பத்தோடு தங்கியிருந்த மாணவர்களிடையே யார் யாருக்கு நண்பர் என்று ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் என்ற மூவர் ஆராய்ந்து 1950-இல் வெளியிட்டார்கள். அடுத்த கதவுக்காரரை நெருங்கிய நண்பர் என்றவர்கள் 41 சதவீதம். இரண்டு கதவு தள்ளி என்றால் 22 சதவீதம். அதே தளத்தின் இரு கோடிகளில் இருப்பவர்கள் என்றால் வெறும் 10 சதவீதம். மாடிப்படிக்கும் தபால் பெட்டிக்கும் அருகில் குடியிருந்தவர்களுக்கு மாடிவாசிகளோடு பழக்கம் கூடுதலாக இருந்தது. அவர்கள் குணத்தில் மற்றவர்களைவிடக் கலகலப்பானவர்கள் என்றில்லை, எல்லோரும் கடந்துபோகும் வழியில் இருந்தார்கள், அவ்வளவுதான். அதனால்தான் ஆளில்லாத மூலையில் இருக்கும் பொது அறையை நான் நம்புவதே இல்லை. ஒரு மேசையைப் போடுவதென்றால் போகிறவர் வருகிறவர் தடுக்கி விழும் இடத்தில் போடுங்கள்.

அப்புறம் பத்து வீட்டில் பேசுங்கள். “என்ன பிரச்சினை?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். 27 புகார் வரும். கேட்டவர் நீங்கள் என்பதால் 27-ம் உங்கள் தலையில்தான் விழும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இங்கே யாரையெல்லாம் தெரியும்? ஒரு மணி நேரம் கிடைத்தால் இந்தத் தெருவில் எதைச் சரிசெய்வீர்கள்? உங்களுக்கு எது நன்றாக வரும்? கடைசிக் கேள்விக்குத்தான் எதிர்பாராத பதில்கள் வரும். சைக்கிள் பழுதுபார்ப்பவர், ஓய்வுபெற்ற செவிலியர், பாட்டு சொல்லித்தரத் தெரிந்தவர் என்று நாலு கதவுக்குள்ளேயே ஒரு சின்ன ஊர் இருக்கும்.

யாரும் கேட்காமலே எதையாவது செய்துகொண்டிருப்பவர்களையும் கவனியுங்கள். பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டியைச் சேர்த்து உள்ளே இழுத்து வைப்பவர். பொதுச் செடிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறவர். கூட்டத்தில் முதல் ஆளாகக் கை தூக்குகிறவரைவிட இவர்கள்தான் உங்களுக்கு வேண்டியவர்கள்.

மூன்று பேர் இல்லாமல் தொடங்க வேண்டாம்

ஒருவர் ஊருக்குப் போவார், ஒருவருக்குக் காய்ச்சல் வரும். மூன்றாமவர் இருந்தால்தான் வேலை நிற்காது. ஐந்துக்கு மேல் போனால் நேரம் குறிப்பதற்கே ஒரு வாரம் ஓடிவிடும்.

மூவருக்கும் மூன்று பொறுப்பு: ஒருவர் ஆட்களிடம் பேசுகிறவர், ஒருவர் எழுதி வைக்கிறவர், ஒருவர் பொருள்களைப் பார்த்துக்கொள்கிறவர். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று இப்போதே பட்டம் கட்ட வேண்டாம். பட்டம் வந்தால் வேலைக்கு முன்னால் மரியாதைப் பிரச்சினை வந்து நிற்கும். வங்கிக் கணக்கு தேவைப்படும்போதும் அரசு அலுவலகத்துக்கு எழுத வேண்டியிருக்கும்போதும் பதிவுசெய்த அமைப்பைப் பற்றி யோசிக்கலாம்.

குடியிருப்போர் சங்கம் ஏற்கெனவே இருந்தால் அவர்களிடம் முதலிலேயே போய்ச் சொல்லிவிடுங்கள். “நாங்கள் இதைச் செய்யப்போகிறோம், உங்களுக்குத் தெரியட்டும்” என்றால் போதும். அவர்கள் பிறகு கேள்விப்பட்டால் நல்ல வேலையே எதிர்க்கட்சி ஆகிவிடும்.

முதல் வேலை எது?

என் அளவுகோல் இது: இரண்டு மணி நேரத்தில் முடிய வேண்டும், முடிந்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும், பணம் ஏறக்குறைய வேண்டியதில்லை, சொதப்பினாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை. இதில் தேறாத ஒன்று பெரிய விழா. மேடை, ஒலிபெருக்கி, பரிசு என்று மூன்று மாதம் உழைத்து, முடிந்த மறுநாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காமல் பிரிந்த குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். விழா வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குமுன் நாலைந்து சின்ன வேலைகளை ஒன்றாகச் செய்து பழகியிருக்க வேண்டும்.

உலகம் முழுக்கப் பரவிய சில முயற்சிகளின் தொடக்கம் எவ்வளவு சின்னது என்று பாருங்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஹட்சன் என்ற ஊரில், 2009-இல் டாட் போல் என்பவர் ஆசிரியையாக இருந்த தன் அம்மாவின் நினைவாகப் பள்ளிக்கூட வடிவில் ஒரு மரப்பெட்டி செய்து வாசலில் நட்டு, உள்ளே புத்தகங்களை வைத்தார். ‘ஒன்றை எடு, ஒன்றை வை’ என்ற வாசல் நூலகங்கள் பரவியது அதிலிருந்துதான். அதே 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டீன் போஸ்ட்மா என்ற பத்திரிகையாளர் முதல் ‘ரிப்பேர் கஃபே’யை நடத்தினார். கெட்டுப்போன பொருளைக் கொண்டுவந்தால் தெரிந்தவர் இலவசமாகப் பழுதுபார்ப்பார். ஆனால் பொருளைக் கொடுத்துவிட்டுப் போக முடியாது, கூடவே உட்கார வேண்டும். எனக்கு அதில் மிகவும் பிடித்தது இதுதான். ஒரு மின்விசிறி ஓடுகிறதோ இல்லையோ, இரண்டு பேர் அரை மணி நேரம் பேசியிருப்பார்கள்.

முதல்முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது தேங்கிய தண்ணீரைக் கொட்டும் வேலை. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு உள்ள ஊர்களில் இதைவிடப் பொருத்தமான தெரு வேலை கிடையாது. அந்தக் கொசு பொதுவாகச் சில நூறு மீட்டருக்கு அப்பால் போவதில்லை. உங்களைக் கடிப்பது பெரும்பாலும் உங்கள் தெருவில் பிறந்ததுதான். ஒரு வீடு மட்டும் சுத்தமாக இருந்து பயனில்லை, அக்கம்பக்கமும் சேர வேண்டும். வெப்பமான காலத்தில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒரு நாள் என்ற முறையைக் கொசுவே வகுத்துக் கொடுத்துவிட்டது. பலர் தவறவிடுவது ஒன்று உண்டு: முட்டைகள் தண்ணீரில் மிதப்பதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் பக்கங்களில் ஒட்டியிருக்கும். காய்ந்துபோனாலும் பல மாதம் தாங்கி, மறுபடி நீர் பட்டதும் பொரியும். எனவே கொட்டினால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தூரிகையால் தேய்க்க வேண்டும். செடித்தட்டு, பழைய டயர், மூடாத வாளி, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு. பத்து வயதுப் பையனும் எழுபது வயதுத் தாத்தாவும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை.

கேட்கும் விதம்தான் பாதி வேலை

1968-இல் டார்லி, லட்டானே என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. தனித்தனி அறைகளில் இருந்தபடி ஒலிவாங்கி வழியே பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவருக்கு வலிப்பு வருவதுபோல் சத்தம் கேட்கும். அதைத் தான் ஒருவர் மட்டுமே கேட்கிறோம் என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் சத்தம் ஓய்வதற்குள் உதவி தேடி எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியவர்களில் எழுந்தது 31 சதவீதம்தான். கல்நெஞ்சம் என்று சொல்லிவிட முடியாது. வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்ற நினைப்பு.

120 பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் “யாராவது வந்து உதவுங்கள்” என்று போடுவதும் அதே கதைதான். ஒன்பது கட்டைவிரல் வரும், ஆள் வராது. நான் பல மாதம் அந்தக் கட்டைவிரல்களை எண்ணி ஏமாந்திருக்கிறேன்.

மாறாக, இப்படிக் கேளுங்கள்: “அக்கா, சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்குத் தொட்டி தேய்க்கிறோம். உங்கள் பக்கத்து நாலு வீட்டுக்கு நீங்கள் வந்தால் நன்றாக இருக்கும், உங்களை அங்கே எல்லாருக்கும் தெரியும். ஆறு மணிக்கு முடிந்துவிடும். முடியுமா?” இதில் என்ன வேலை, எவ்வளவு நேரம், ஏன் அவர் என்று மூன்றும் வந்துவிட்டன. முடியாது என்றால் உடனே “சரி, பரவாயில்லை” என்று சொல்லுங்கள். காரணம் கேட்காதீர்கள். முகம் கோணாமல் மறுக்க முடிந்தவர்தான் அடுத்த மாதம் தைரியமாக வருவார்.

நேரில் கேட்பது ஒருமுறை, முந்தின நாள் மாலை ஒரு நினைவூட்டல். அதற்கு மேல் போனால் கடன்காரர் மாதிரி ஆகிவிடும்.

அந்த நாள்

சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னால் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். முதலில் வருகிறவர் வெறும் தெருவைப் பார்த்தால் “நாம்தான் தப்பான நாளில் வந்துவிட்டோமோ” என்று திரும்பிவிடுவார். ஒரு சின்ன மேசை, அதன்மேல் கையுறை, தூரிகை, கனமான சாக்கு, குடிதண்ணீர், முதலுதவிப் பெட்டி. கையுறையில் சின்ன அளவும் வாங்குங்கள். பெரிய கையுறைக்குள் விரல் மடங்காமல் பாதிப் பேர் கழற்றி வைத்துவிட்டு வெறுங்கையால் அள்ளியதைப் பார்த்திருக்கிறேன்.

வருகிறவர் கையில் இரண்டு நிமிடத்துக்குள் ஒரு வேலையைக் கொடுத்துவிடுங்கள். கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர் பத்தாவது நிமிடத்தில் ஆலோசகராக மாறிவிடுவார். பழகியவரோடு புதியவரைச் சேர்த்து இரண்டு இரண்டு பேராக அனுப்புங்கள். கணவன் மனைவியைப் பிரித்து அனுப்பினால் இரண்டு புதுப் பழக்கம் கிடைக்கும், சில சமயம் அவர்களே நன்றி சொல்வார்கள்.

குப்பை அள்ளுவதென்றால் உடைந்த கண்ணாடிக்குத் தனி வாளி. ஊசி கிடந்தால் யாரும் கையால் தொடக் கூடாது. இடுக்கியால் எடுத்துக் கெட்டியான மூடியுள்ள டப்பாவில் போட வேண்டும், அதுவும் பெரியவர்கள் மட்டும். இதைத் தொடங்கும்போதே எல்லோருக்கும் சத்தமாகச் சொல்லுங்கள்.

அள்ளிய குப்பை எங்கே போகும் என்பதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். நாங்களும் மறந்தோம். முதல் முறை 14 மூட்டை கட்டித் தெருமுனையில் அடுக்கி, பெருமையாகப் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். நாலு நாள் யாரும் எடுக்கவில்லை. இரண்டாம் இரவே நாய்கள் கிழித்துவிட்டன, அள்ளியது அத்தனையும் மறுபடி தெருவில். உள்ளாட்சி வண்டி எப்போது வரும், எத்தனை மூட்டை எடுக்கும் என்று முந்தின வாரமே பேசி, எடுப்பவர் ஒப்புக்கொண்ட பிறகே நாள் குறியுங்கள்.

ஆறு மணி என்று சொன்னால் ஆறு மணிக்கு நிறுத்துங்கள். வேலை பாக்கி இருந்தாலும் சரி. “இன்னும் கொஞ்சம்தான்” என்று இழுத்தால் அடுத்த முறை யாரும் உங்கள் ஒரு மணி நேரத்தை நம்ப மாட்டார்கள். முடிந்ததும் பத்து நிமிடம் சேர்ந்து உட்காருங்கள். அடுத்த வேலைக்கான யோசனையும் அடுத்த ஆளும் எனக்குக் கிடைத்தது பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

செய்தி, பணம்

குழுவை இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் அறிவிப்பு மட்டும், வாரம் ஒன்றோ இரண்டோ. இன்னொன்று அரட்டைக்கு. கலந்துவிட்டால் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் குழாய்த் தண்ணீர் வராத நாள் பற்றிய அறிவிப்பு புதைந்துபோகும். கைபேசி பார்க்காதவர்களுக்காகப் படிக்கட்டருகில் ஒரு தாளும் ஒட்டுங்கள். கேட்காமல் யார் எண்ணையும் குழுவில் சேர்க்க வேண்டாம்.

பணத்தை முடிந்தவரை தள்ளிப்போடுங்கள். தூரிகையும் வாளியும் வீடுகளில் இருக்கின்றன. வசூல் தொடங்கிய நாளிலிருந்து ‘நாம் செய்கிறோம்’ என்பது ‘நீங்கள் செய்யுங்கள், காசு கொடுத்தாயிற்று’ என்று மாறும். தவிர்க்க முடியாமல் வந்தால், ஒருவர் வாங்க, இன்னொருவர் எழுத வேண்டும். ரசீதைப் படமெடுத்து அன்றே குழுவில் போடுங்கள். மீதி எவ்வளவு என்று யாரும் கேட்குமுன் சொல்லிவிடுங்கள். சின்னத் தொகைதானே என்று விட்ட இடத்தில்தான் பெரிய சந்தேகம் முளைக்கும்.

குழந்தைகள், தனியாக இருப்பவர்கள்

குழந்தைகளுக்கான வகுப்போ விளையாட்டோ நடத்தினால் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், அறைக்கதவு திறந்தே இருக்க வேண்டும். எவ்வளவு தெரிந்தவரானாலும் விதிவிலக்கு இல்லை. பெற்றோரைக் கேட்காமல் பிள்ளைகள் படத்தை எங்கும் போட வேண்டாம். தெருவை அடைத்து விளையாட்டு நடத்துவதானால் உள்ளாட்சியிடமும் காவல்துறையிடமும் என்ன அனுமதி வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

தனியாக வாழ்பவர்கள் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1995 ஜூலையில் சிகாகோ நகரில் வீசிய வெப்ப அலையில் 700 பேருக்கு மேல் இறந்தார்கள். முதியவர்கள், குறிப்பாகத் தனியாக இருந்தவர்கள் அதில் அதிகம். அதே ஆண்டு ஜனவரியில் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்தில், இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் மிகப் பலரை வெளியே இழுத்தவர்கள் வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும்தான். மீட்புக்குழு வந்து சேர நேரமாகும், பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்.

ஆகவே சுத்தம் செய்வது பழகியதும் அடுத்ததாக இதைச் செய்யுங்கள்: ஒருவருக்கு மூன்று வீடு. கடும் வெயில், வெள்ளம், நீண்ட மின்வெட்டு என்றால் அந்த மூன்று கதவைத் தட்டி “எல்லாம் சரியா?” என்று கேட்பது மட்டும் பொறுப்பு. பட்டியலில் இருக்கச் சம்மதமா, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாள் குழுவில் போகக் கூடாது. யார் வீட்டில் யார் தனியாக இருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டிய சங்கதி இல்லை.

வராதவர்களும் சண்டைக்கு வருபவர்களும்

வாடகைக்கு இருப்பவர்களை “எப்படியும் போய்விடுவார்கள்” என்று விட்டுவிடாதீர்கள். புதிதாக வந்தவருக்குத்தான் பழக்கம் அதிகம் தேவை. சாமான் இறக்கிய வாரமே போய்க் குப்பை வண்டி நேரத்தைச் சொல்லுங்கள், அதுவே அழைப்பு. ஷிப்டில் வேலை செய்பவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள் ஞாயிறு காலை வர முடியாது. அவர்களுக்கு வீட்டிலிருந்தே செய்யும் வேலை கொடுக்கலாம்: தாள் அச்சிடுவது, பட்டியலைப் புதுப்பிப்பது.

கட்சி அரசியலையும் மதத்தையும் அந்த இரண்டு மணி நேரத்துக்கு வெளியே நிறுத்திவிடுங்கள். எல்லாவற்றையும் குறை சொல்லும் ஒருவர் நிச்சயம் இருப்பார். எங்கள் தெருவில் அவர் மூட்டைகள் சரியாகக் கட்டப்படவில்லை என்று மூன்று வாரம் சொன்னார். நாலாவது வாரம் “ஐயா, கயிறு உங்கள் பொறுப்பு” என்று கொடுத்துவிட்டேன். உண்மையாகவே நன்றாகக் கட்டினார். எல்லோரிடமும் இது பலிக்காது. சிலர் கயிற்றையும் குறை சொல்வார்கள். அவர்களோடு குழுவில் வாதாடாமல் நேரில் போய்ப் பேசுங்கள். எழுத்தில் முற்றிய சண்டை பல சமயம் வாசலில் நின்று பேசினால் தணிந்துவிடும்.

ஒப்படைப்பது

எந்தப் பொறுப்பும் மூன்று மாதம். அதை முதல் நாளே சொல்லுங்கள். முடிவு தேதி தெரிந்தால் ஒப்புக்கொள்பவர்கள் கூடுவார்கள். மூன்று மாதம் முடிந்ததும் “தொடர்கிறீர்களா, மாற்றலாமா?” என்று கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் நல்லவர்கள் சொல்லாமல் சோர்ந்து, ஒரு நாள் திடீரென்று நின்றுவிடுவார்கள்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். குப்பை வண்டிக்காரரிடம் எப்படிப் பேசுவது, தூரிகைகள் எந்த அலமாரியில், சாவி யாரிடம், போன முறை எது சொதப்பியது என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கும் விவரம் நீங்கள் ஊருக்குப் போனால் உங்களோடு வந்துவிடும். ஒரு வேலையை எடுத்துச் செய்ய யாருமே வரவில்லை என்றால் அதை நிறுத்திவிடுங்கள். எங்கள் மாலை நேரக் கதை வாசிப்பு அப்படித்தான் நின்றது. வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அதற்காக ஒருவரைப் பிடித்து இழுத்துவைக்க மனம் வரவில்லை.

நோட்டை நான் ஒப்படைத்தது இரண்டாம் மாடியில் இருக்கும், கல்லூரி முடித்த ஒரு பெண்ணிடம். வாங்கிய வாரமே நான் பிடிவாதமாக வைத்திருந்த ஞாயிறு காலை 7 மணியைச் சனி மாலை 5 மணியாக மாற்றினாள். எனக்குப் பிடிக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை 19 பேர் வந்திருந்தார்கள், அதில் ஏழு பேரை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. அவள் பட்டியலைப் பார்த்துவிட்டு, “சார், நீங்கள் கடைசி நாலு வீடு, தூரிகை அங்கே இருக்கு” என்றாள். போய் எடுத்துக்கொண்டேன்.